அபராதச் சேவல்

மூன்று ஞாயிறு
உலாந்தாப் பள்ளிக்கூடத்துப் பிரசங்கத்துக்குப் போகவில்லை.
மூன்றுக்கும் சேர்த்துச் சேவலைப் பிடித்தார்கள்.
செஞ்சேவல். கழுத்தில் கறுப்பு வளையம்.
கால்களைக் கட்டித் தலைகீழாய்த் தூக்கியபோதும்
உபாத்தியார் சொலமோனின் புறங்கையைக் கொத்தியது.
நான் கொத்தவில்லை.
"போயிட்டு வாங்கோ ஐயா" என்றேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
நாலாம் ஞாயிறு போனேன்.
பிள்ளைக்கு அங்கே தண்ணீர் வார்த்தார்கள்,
இரண்டாந் தரம்.
தோம்பில் பேர் ஏறாத பிள்ளைக்குப்
பத்துப் பனையும் கிணற்றுப் பங்கும் கிடையாது.
பிள்ளை வீரிட்டு அழுதது.
முதல் தரம் அழவில்லை.
அது நடுச்சாமம், வள்ளத்துக்குள்,
அண்ணாவி கைத்தான் முட்டியில் கொண்டுவந்த நல்ல தண்ணீர்.

செபமாலையைப் பனையடியில் புதைத்தாயிற்று.
வலை பொத்தும்போது முடிச்சில் எண்ணுவேன்.
பத்து முடிச்சு, பிறகு ஒரு ஓட்டை,
அது பரமண்டல மந்திரத்துக்கு.
பாசையூர்க் கரையில் போய்வருகிறவன் கண்ணுக்குச்
சோம்பேறிப் பெண்ணின் வலை.
பஸ்தியான் மட்டும் பேசுவார்:
"உன்ரை பரமண்டலத்துக்குள்ளாலை
பாதி மீன் போகுதடி."

மார்கழி. வாடைக்காற்று ஓலையைப் பிய்க்கிற இரவு.
சுண்ணாம்பு விற்கிறவன் கோலத்தில் சுவாமியார் வந்தார்.
கோவைக்கரை மனிதர், தமிழ் தட்டித் தட்டி வரும்.
வலைவாடிக்குள் பாவசங்கீர்த்தனம்.
இரண்டாந் தரத் தண்ணீரைச் சொன்னேன்.
நெடுநேரம் பேசவில்லை. பிறகு,
"பிள்ளைக்குப் பேர் என்ன?"
"அவங்கள் எழுதினது ஆபிரகாம்.
நாங்கள் கூப்பிடுறது மிக்கேல்."
"கூப்பிடுறதை விடாதே" என்றார்.
அதுதான் எனக்கு வந்த அபராதம்.

பூசை பாதியில் நாய்கள் குரைத்தன.
சுவாமியாரை இரண்டு பேர் கடலுக்குள் இறக்கிவிட்டார்கள்,
கழுத்தளவு தண்ணீருக்கு.
கிண்ணம் நின்றுவிட்டது,
சுண்ணாம்புச் சட்டியின் பின்னால், ஒரு வெள்ளிக் கிண்ணம்.

துவக்குக்காரர் நாலு பேர். ஒரு விளக்கு.
விளக்குக்குக் கீழே உபாத்தியார், ஏடும் எழுத்தாணியுமாய்.
"இது ஆருடையது?"

இருபத்தேழு பேர் இருந்தோம்.
காற்றுத்தான் பேசியது.
என்னிடம் ஒரு பதில் இருந்தது,
நாலு நாளாய்ச் சொல்லிப் பழகினது:
'தெரியாது ஐயா, சுண்ணாம்பு வாங்க வந்தனாங்கள்.'
வாயைத் திறந்தேன்.
"என்ரை" என்றேன்.

ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.
கிண்ணத்தின் விளிம்பில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.
துடைக்கவென்று கை போனது.
கை போனபிறகு வாய்க்கு வேறு வழி இல்லை.

பிறகு பஸ்தியான், "என்ரையும்."
பிறகு காது கேளாத மதலேனாள்,
கேள்வி என்னவென்றே தெரியாமல்,
"ஓம் ஐயா, நானுந்தான்."
அதோடு நின்றது.
மற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.
நாலாம் ஞாயிறு போனவள் நான்.

பேர்களை எழுதிக்கொண்டிருக்கையில் கிழக்கு வெளுத்தது.
பள்ளிக்கூட வளவிலிருந்து
சேவல் கூவியது.
எங்களுடையது. குரல் எனக்குத் தெரியும்.
எழுத்தாணி நின்றது.
எங்கள் பழைய கோவிலில்
பிரார்த்தனைக்கு முதற்குரல் எடுத்தவள்
சொலமோனுடைய தாய்.
இரண்டாந் தரமும் கூவியது.
அவர் நிமிரவேயில்லை.
புறங்கையில் கொத்துக்காயம் ஆறிக் கறுத்திருந்தது.
அதையே பார்த்தபடி இருந்தார்.
துவக்குக்காரன் தோளில் இடித்தான்.
எழுதினார்.

பத்துப் பனையும் கொழுந்தன் பேருக்குப் போயின.
பஸ்தியான் கோட்டைக்குக் கல் சுமக்கிறார்,
முருகைக்கல் கிழித்த தோள்,
இரவில் உப்புத்தண்ணீர் ஒற்றினால் பல்லைக் கடிக்கிறார்.
மிக்கேல் என்று கூப்பிட்டால்
மிக்கேல் திரும்பிப் பார்க்கிறான்.

வலை பொத்துகிறேன்.
பத்து முடிச்சு, பிறகு ஒரு ஓட்டை.
மீன் போகிறது.
போகட்டும்.